கப்பலில் ஒரு களவு: கதை எழுதுவோர் கேள்வி – பதில்

1920, 30களில் கொழும்பைத் தொட்டுப்போன பெரிய பயணிகள் கப்பலொன்றில் நடக்கும் துப்பறியும் கதை எழுதிப் பாருங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கத்தியும் ரத்தமும் குறைவாக, தேநீரும் வம்பும் கூடுதலாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தோம். மலையக வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில். வந்த பிரதிகள் பலவற்றில் கப்பலுக்கு வேலையே இல்லை. அதே ஆட்களை நுவரெலியா பங்களாவொன்றில் உட்கார வைத்தாலும் அதே கதை நடக்கும். ஆகவே கப்பல் தானே துப்புக் கொடுக்கக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகப் பேசுகிறோம்.

எந்த ஆண்டில் கதையை வைப்பது? உண்மையான கப்பலின் பெயரைப் போடலாமா?
– வாசகர், ஹட்டன்

1925க்கும் 1939 ஓகஸ்டுக்கும் இடையில் வையுங்கள். பதுளை வரை ரயில் வந்தது 1924இல். அதற்குப் பிறகு என்றால் ஊவாத் தோட்டத்து ஆட்களையும் நேரே கோச்சியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பலாம். 1939 செப்டெம்பரில் யுத்தம் வந்துவிடும். கப்பல்கள் விளக்கை அணைத்து ஓடும், கதையின் குணமே மாறிவிடும். பின்னால் போவதென்றால் 1885க்கு முன் போகாதீர்கள். கொழும்பின் தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் வைத்து, வேலை முடிய 1885 ஆயிற்று. அதற்கு முன் பெரிய கப்பல்களின் துறை காலி.

கொம்பனிகளின் பெயர்கள் உண்மையாகவே இருக்கட்டும்: பி அண்ட் ஓ, ஓரியன்ட் லைன், பிபி லைன், பிரெஞ்சுக்காரரின் மெஸாஜெரி மரித்தீம். கப்பலின் பெயரை மட்டும் நீங்களே வையுங்கள். உண்மைப் பெயரைப் போட்டால், அந்தத் திகதியில் அந்தக் கப்பல் சிட்னியில் நின்றது என்று யாராவது ஒரு கடிதம் போடுவார். அளவுக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் பி அண்ட் ஓவின் ஸ்ட்ராத்நேவர் (1931), ஸ்ட்ராத்தெயார்ட் (1932) இரண்டையும் பாருங்கள். ஏறக்குறைய 22,000 தொன், வெள்ளை உடல், மூன்று மஞ்சள் புகைபோக்கிகள். அந்த மூன்றில் நடுவில் உள்ளதில்தான் புகை வரும். முன்னதும் பின்னதும் வெறும் தோற்றத்துக்காக வைத்தவை. துப்பறியும் கதை எழுதுபவருக்கு இப்படி ஒரு போலிப் புகைபோக்கியைத் தாண்டிப் போக மனம் வராது. ஒரு அத்தியாயத்தில் சந்தேகத்தைத் திருப்பிவிட மட்டும் பயன்படுத்துங்கள், முழு மர்மத்தையும் அதற்குள் ஒளித்துவைத்தால் வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

என் கதாநாயகி தோட்டத்துப் பெண். முதலாம் வகுப்புக் கெபின்களுக்குப் பக்கத்தில் அவளை எப்படிக் கொண்டுபோவது?
– வாசகி, தலவாக்கலை

ஆயாவாகத்தான். பங்களாவில் பிள்ளை பார்த்தவளை, துரை குடும்பம் விடுமுறைக்கு ஊர் போகும்போது கூடவே கூட்டிப்போவது அந்தக் காலத்து வழக்கம். தோட்டத்துக்கு ஆள் வந்த வழியையும் இதையும் போட்டுக் குழப்பாதீர்கள். தொழிலாளர் வந்தது மண்டபம் முகாம் வழியாக. 1914இலிருந்து தனுஷ்கோடி–தலைமன்னார் படகில். பெரிய பயணிகள் கப்பலில் தோட்டத்துக் குடும்பம் முழுதாக வந்து இறங்குவதாக இரண்டு பிரதிகளில் எழுதியிருக்கிறார்கள். அது நடக்காத காரியம்.

ஆயாவின் பலம் அவளுடைய நேரசூசி. பிள்ளைகளுக்குச் சாப்பாடு மாலையிலேயே, பெரியவர்களுக்கு முன்பே முடிந்துவிடும். பெரியவர்களின் இராச் சாப்பாட்டுக்கு அழைப்பு ஊதியதும் முதலாம் வகுப்பு முழுவதும் உடை மாற்றிக்கொண்டு சாப்பாட்டு மண்டபத்துக்கு இறங்கும். அடுத்த ஒன்றரை மணித்தியாலம் கெபின் நடைபாதையில் இருப்பவர்கள் இரண்டே வகை: படுக்கை விரிக்க வரும் ஸ்டூவட், தூங்கும் பிள்ளைக்குக் காவலிருக்கும் ஆயா. நகை காணாமல் போக மிக வசதியான நேரமும் அதுதான். ஆகவே முதல் சந்தேகமும் அவள்மேல்தான் விழும், உண்மையைப் பார்த்தவளும் அவளாகத்தான் இருப்பாள். கதைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் தேட வேண்டாம்.

மொழியில் கவனம். பி அண்ட் ஓ கப்பலில் தளத்தில் வேலை செய்தவர்கள் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள், சாப்பாட்டு மண்டபத்தில் கோவாக்காரர், இயந்திர அறையில் பெரும்பாலும் வடமேற்கு இந்திய முஸ்லிம்கள். இவர்கள் யாரும் அவளோடு தமிழில் பேசமாட்டார்கள். ஓரியன்ட் லைன் கப்பலென்றால் கப்பலாட்கள் வெள்ளையர். அவளுக்குத் தெரிந்தது தோட்டத்துத் தமிழும் பங்களா ஆங்கிலமும். இந்தக் குறையையே வசதியாக்கலாம்: அவளுக்கு விளங்காது என்று நினைத்து அவள் முன்னாலேயே பேசுவார்கள்.

லண்டன் போன பிறகு அவளுக்கு நேரக்கூடியது இன்னும் பெரிய கதை. வேலை முடிந்ததும் பல ஆயாமாரைக் கைவிட்டார்கள். கிழக்கு லண்டனில் ஆயாமாருக்கென ஒரு விடுதி இருந்தது. 1900இல் ஹக்னியின் கிங் எட்வர்ட் வீதிக்கு மாறியது, லண்டன் சிட்டி மிஷன் நடத்தியது. கூட்டிவந்த குடும்பம் திரும்பும் டிக்கட்டை அங்கே கொடுத்துவிட்டுப் போகும். கிழக்கே போகப் புறப்படும் வேறொரு குடும்பத்துக்கு ஆயா தேவைப்பட்டால், அந்த டிக்கட்டோடு அவளை அவர்களிடம் அனுப்புவார்கள். அதாவது, திரும்பும் பயணத்தில் அவள் பார்க்கும் பிள்ளைகள் முற்றிலும் அந்நியரின் பிள்ளைகளாக இருக்கலாம். அந்தக் குடும்பம் சொல்லும் கதை உண்மையா என்று அவளுக்கு எந்த ஆதாரமும் இராது. முதல் அத்தியாயத்தை அந்த விடுதி வாசலில் தொடங்கினால் முன்கதை சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கப்பலில் தினமும் கடிகாரத்தை மாற்றுவார்களாமே. இதை வைத்து ஒரு பொய்ச் சாட்சியை உடைக்க முடியுமா? கணக்கைச் சற்று விளக்கமாகத் தாருங்கள்.
– வாசகர், பதுளை

முடியும். கப்பல் கதைக்கென்றே இருக்கும் துப்பு இது. பங்களாவில் இதைச் செய்ய முடியாது.

பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிடம். ஏடன் துறைமுகத்திலிருந்து கொழும்பு வரும் பயணத்தை எடுப்போம். ஏடன் கிழக்கு நெடுங்கோடு 45 பாகை, கொழும்பு கிட்டத்தட்ட 80 பாகை. வித்தியாசம் 35; நான்கால் பெருக்கினால் 140 நிமிடம், அதாவது 2 மணித்தியாலம் 20 நிமிடம். இரண்டுக்கும் இடையே தூரம் ஏறக்குறைய 2,100 கடல் மைல். மணிக்கு 16 கடல் மைல் ஓடும் கப்பல் நாளொன்றுக்கு 384 மைல் போகும். பயணம் ஐந்தரை நாள். 140ஐ ஐந்தரையால் வகுத்தால் நாளொன்றுக்கு 25 நிமிடத்துக்குக் கிட்ட வரும். கிழக்கே வரும் கப்பல் தினமும் கடிகாரத்தை 25 நிமிடம் முன்தள்ளும். மேற்கே போவது பின்தள்ளும்.

முதலில் கிழக்கே வரும் பயணம். நள்ளிரவு 12 அடிக்கும்போது முள்ளை 12.25க்குத் தள்ளுகிறார்கள் என்று வையுங்கள். அன்றிரவு 12.10 என்ற நேரமே அந்தக் கப்பலில் இல்லை. "புகைபிடிக்கும் அறைக் கடிகாரத்தைப் பார்த்தேன், 12.10 காட்டியது, நான் அங்கேதான் இருந்தேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. அறிவிப்புப் பலகையில் மாற்றம் எழுதியிருந்ததையும் படிக்கவில்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யை உடைக்கும் துப்பு வேறு எங்கே கிடைக்கும்?

மேற்கே போகும் பயணத்தில் விளைவு தலைகீழ். முள் 12ஐத் தொட்டதும் 11.35க்குப் பின்தள்ளுவார்கள். ஆகவே 11.35 முதல் 12 வரையான 25 நிமிடம் இரண்டு தடவை வரும். "11.45க்கு அவர் தளத்தில் நின்றார்" என்று ஒருவர் சொல்ல, "11.45க்கு அவர் என்னோடு சீட்டாடினார்" என்று இன்னொருவர் சொல்ல, இருவருமே உண்மை பேசியிருக்கலாம். நேர்மையான இரண்டு சாட்சிகள் முரண்படுவது பொய்ச் சாட்சியைவிட நயமான சிக்கல். எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

எழுதும்போது கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, மாற்றத்தை எல்லாக் கப்பலும் ஒரே விதமாகச் செய்ததில்லை. சில, இரவுக் காவல்களுக்கிடையே (மாலுமிகள் முறைவைத்துப் பார்க்கும் வேலை நேரங்கள்) பங்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். உங்கள் கப்பலின் விதியைக் கதையின் தொடக்கத்திலேயே, சாதாரண விடயம்போல, அறிவிப்புப் பலகையில் காட்டிவிடுங்கள். கடைசி அத்தியாயத்தில் அவிழ்த்தால் அது களவாட்டம். இரண்டு, பயணிகளின் கைக்கடிகாரம் தானாக மாறாது. மாற்ற மறந்தவர், வேண்டுமென்றே மாற்றாதவர், ஊர் நேரத்திலேயே வைத்திருப்பவர் என மூன்று விதமான ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். மூன்று, கரை நேரம். இலங்கை 1906 முதல் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருந்தது. கப்பல் கொழும்பில் நிற்கும்போது அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். யுத்த காலத்தில் இலங்கை நேரமும் மாறியது. 1939ஐத் தாண்டாதீர்கள் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயாவிடம் கடிகாரம் இராது. கப்பல் மணியைக் கேட்பாள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு அடி கூடும், நான்கு மணித்தியாலத்தில் எட்டு அடி, பிறகு ஒன்றிலிருந்து. பின்னேரம் 4 மணிக்கு எட்டு அடி, 4.30க்கு ஒன்று, 5க்கு இரண்டு, 5.30க்கு மூன்று, 6க்கு நான்கு. இதன் பின் பலர் தவறுவார்கள். மாலை 4 முதல் 8 வரையான காவலை இரண்டாகப் பிரித்திருப்பதால், பிரித்தானியக் கப்பலில் 6.30க்கு ஐந்து அடிக்கமாட்டார்கள், மறுபடி ஒன்று. 7க்கு இரண்டு, 7.30க்கு மூன்று, 8க்கு எட்டு. "பொழுது சாய்ந்து மணி ஐந்து தடவை அடித்தபோது" என்று சொல்லும் மாலுமி, மாலுமியல்ல.

இன்னொரு சிறு விடயம். ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகல் வரை கப்பல் ஓடிய தூரத்தை வைத்துப் பயணிகள் பந்தயம் கட்டுவார்கள். கிழக்கே வரும்போது அந்த நாள் 24 மணித்தியாலத்துக்கு 25 நிமிடம் குறைவு, ஆகவே தூரமும் ஏழு மைல் அளவில் குறையும். பத்துத் தடவை இந்த வழியில் வந்ததாகப் பெருமையடிக்கிறவர் இதைக் கணக்கில் எடுக்காமல் பந்தயம் கட்டினால், அவரைக் கவனிக்கத் தொடங்கலாம்.

களவெடுத்த நீலக்கற்களைத் தேயிலைப் பெட்டிக்குள் ஒளிப்பதாக எழுதியிருக்கிறேன். பெட்டியின் எடை கூடியதால் பிடிபடுகிறார்கள். சரியா?
– ஓய்வுபெற்ற டீமேக்கர், கந்தப்பளை

எண்ணம் நல்லது, எடைதான் சரியில்லை. ஒரு கரட் 0.2 கிராம். பத்துக் கரட் கற்கள் ஐந்து இருந்தாலும் மொத்தம் 10 கிராம். ஏறக்குறைய 100 இறாத்தல் தேயிலை கொள்ளும் ஏற்றுமதிப் பெட்டியில் அதை எந்தத் தராசும் காட்டாது.

பெரிய பெட்டியில் இன்னொரு தொல்லை. அது சரக்கறைக்குள் போய்விடும். சரக்கறை வாயிலைப் பலகையால் மூடி, மேலே தார்ப்பாய் விரித்து, ஆப்பு அடித்துவிட்டார்களென்றால் துறைமுகம் வரை யாரும் உள்ளே போக முடியாது. கள்ளன் லண்டன் வரை பொறுத்திருக்கத் தயார் என்றால் சரி. ஆனால் அங்கே பெட்டி அவன் கைக்கு வராது. களஞ்சியத்துக்குப் போய், மாதிரி எடுக்கத் துளைக்கப்பட்டு, மின்சிங் லேன் ஏலத்துக்குப் போகும். தேயிலைக்குச் சுங்கவரி இருந்த காலமென்றால் எடையும் பார்ப்பார்கள். பிரித்தானியா 1929இல் அந்த வரியை நீக்கி 1932இல் மறுபடி போட்டது. உங்கள் கதை 1930இலா 1933இலா என்பதைப் பொறுத்து இந்தக் காட்சி மாறும்.

ஆகவே சிறிய பெட்டியை எடுங்கள். ஊருக்குப் போகும் துரைசானி கொண்டுபோகும் 5 இறாத்தல் அன்பளிப்புத் தேயிலை, ஈயத்தாள் உறையோடு, கெபினிலேயே இருக்கும். இங்கேதான் உங்கள் தொழிலறிவு கதைக்கு உதவும். சூளையிலிருந்து வரும் தேயிலையில் ஈரம் 3 வீதமளவில் இருக்கும். ஈயத்தாளைக் கிழித்துக் கற்களை உள்ளே வைத்து, பழையபடி மடித்து மூடினால், கடற்காற்றில் ஈரம் ஏறும். 3 வீதம் 6 ஆனால் 5 இறாத்தல் பெட்டி 70 கிராமுக்கு மேல் கூடும், கற்களின் எடையைப்போல் ஏழு மடங்கு. பெட்டியைக் காட்டிக்கொடுப்பது கல் அல்ல, தண்ணீர்.

அதற்குத் தராசும் தேவையில்லை. ஒரு பிடியை எடுத்துக் கையில் நெரித்தால் காய்ந்த தேயிலை முறுகலாக நொறுங்கும். ஈரம் ஏறியது நசுங்கும். தோட்டத்தில் பிறந்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) தேயிலை பொறுக்கிய பெண்ணுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதல்ல. பெட்டியைத் துணிகளுக்கிடையே வைத்திருந்தால் பூச்சியுருண்டை வாசம் ஏறியிருக்கும். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சரக்கறையில்கூடக் கறுவாவுக்கோ கொப்பறாவுக்கோ பக்கத்தில் அதை அடுக்கமாட்டார்கள்.

கள்ளன் கொட்டிப்போன தேயிலையைக் கப்பல் சமையலறைத் தேயிலையால் நிரப்பினான் என்று எழுதினால் இன்னும் நல்லது. மேல்நாட்டு (உயர்மலைத் தோட்டத்து) பி.ஓ.பி. என்ற உடைத்த இலைத் தரத்தின் பொடியளவு ஒரே சீராக இருக்கும். கலவைத் தேயிலையில் பெரியதும் தூளும் கலந்திருக்கும். ஊற்றினால் டிம்புளைத் தேயிலை வெளிர் நிறத்தில் பளிச்சென்று நிற்கும். அசாம் கலந்தது கறுத்துக் கனக்கும். காலத்தையும் பொருத்துங்கள்: டிம்புளைக்கு மணம் கூடும் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை, ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மே மாதத்தில் "இந்தப் பருவத்து ஊவா" என்று ஒருவர் அன்பளிப்புக் கொடுத்தால் நீங்கள் சிரிப்பீர்கள், உங்கள் கதாநாயகியும் சிரிக்கட்டும்.

நீலக்கல் உண்மையானதா போலியா என்பதை அந்தக் காலத்தில் கப்பலிலேயே கண்டுபிடிக்கலாமா?
– வாசகி, பண்டாரவளை

ஒரு கைலென்ஸ் போதும், பார்க்கத் தெரிந்தவர் இருந்தால். பிரெஞ்சு விஞ்ஞானி வேர்னெய் சுடரில் உருக்கிச் செய்யும் சிவப்புக்கல்லை 1902இல் அறிவித்தார். செயற்கை நீலக்கல் 1910ஐ அண்டி வந்தது. 1930இல் அது மலிந்த சரக்கு. கடினமும் அடர்த்தியும் இயற்கைக் கல்லுக்குச் சமம், ஆகவே கண்ணாடியில் கீறிப் பார்ப்பதும் எடை போடுவதும் பயனில்லை. இந்தத் தவறை நான்கு பிரதிகளில் பார்த்தோம். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் செயற்கைக் கல்லில் நிறக் கோடுகள் வளைந்து ஓடும், சிறு காற்றுக் குமிழ்கள் தெரியலாம். இயற்கைக் கல்லில் நிறப் பட்டைகள் நேராகவும் கோணத்தில் மடங்கியும் இருக்கும். இலங்கைக் கல்லில் பட்டுநூல் போன்ற மெல்லிய ஊசிகளும் தெரியும்.

நட்சத்திர நீலக்கல்லைப் போலியாக்க நினைத்தால் கவனம். ஆய்வுகூடத்தில் செய்த நட்சத்திரக் கல் சந்தைக்கு வந்தது 1947இல். 1930களின் கதையில் அது வந்தால் கதையே போலி.

கப்பலில் பொலிஸ் இல்லையே, யார் விசாரிப்பது?
– வாசகர், மஸ்கெலியா

கப்டன்தான் அதிகாரம். ஒழுங்கைப் பார்த்துக்கொள்ள மாஸ்டர் அட் ஆர்ம்ஸ் என்று ஒருவர் இருப்பார். நகையும் பணமும் பயணிகள் பட்டியலும் பேர்சரின் கையில். இரும்புப் பெட்டியில் வைக்கக் கொடுத்தவற்றுக்கு அவர் துண்டு கொடுப்பார். கொடுக்காமல் கெபினிலேயே வைத்திருந்தது ஏன் என்பதுதான் விசாரணையின் முதல் கேள்வி. பிரித்தானியக் கப்பலில் நடந்த குற்றத்தைக் கப்டன் உத்தியோகபூர்வப் பதிவேட்டில் எழுத வேண்டும். 1894ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டப்படி, ஆள் அகப்படும் பிரித்தானிய ஆட்சிப் பகுதியின் நீதிமன்றமே வழக்கைக் கேட்கலாம். ஆகவே கொழும்பில் பொலிஸ் படகு வந்து ஆளைக் கொண்டுபோவது சட்டப்படி பொருந்தும்.

வயர்லெஸ் இருக்கும்போது கள்ளனுக்குக் கடல் பாதுகாப்பல்ல. மனைவியைக் கொன்ற கிரிப்பனை 1910இல் பிடித்தது அப்படித்தான். மொன்ட்ரோஸ் கப்பலின் கப்டன் கென்டல், பையன் வேடத்தில் வந்த பெண்ணையும் கிரிப்பனையும் அடையாளம் கண்டு செய்தி அனுப்பினார். இன்ஸ்பெக்டர் டியூ வேகமான லொரென்டிக் கப்பலில் ஏறி முந்திப்போய், ஜூலை 31ஆம் திகதி கனடாக் கரையருகே கைது செய்தார். உங்கள் கதையில் கரையிலிருந்து உதவி வருவதைத் தாமதிக்க வேண்டுமானால் வயர்லெஸ்ஸைப் பழுதாக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பெயரை மட்டும் வைத்துக் கேட்ட கேள்விக்குப் பதில் தேட ஸ்கொட்லன்ட் யார்டுக்கு இரண்டு நாள் ஆகும் என்பதே போதும்.

பெட்டி, சாவி, யன்னல்: எதை எங்கே வைப்பது?
– வாசகி, இராகலை

பயணப் பெட்டிகளில் மூன்று விதமான சீட்டு ஒட்டுவார்கள். கெபினுக்கு, பயணத்தில் தேவை, பயணத்தில் தேவையில்லை. முதலாவது கட்டிலுக்கடியில் போகும், உயரம் 14 அங்குலமளவில் இருந்தால்தான் நுழையும். இரண்டாவது பொருட்கள் அறைக்குப் போகும், குறித்த நேரங்களில் மட்டும் திறப்பார்கள். மூன்றாவது சரக்கறைக்கு. சீட்டை மாற்றி ஒட்டினால் பெட்டியொன்று முழுப் பயணத்துக்கும் மறைந்துபோகும். பூட்டை உடைப்பதைவிட எவ்வளவு லேசான வேலை, யாரும் இதை எழுதவில்லை!

கெபினின் வட்ட யன்னல் வழியாகக் கற்களைக் கைமாற்றுவதாக இருந்தால் மாதத்தைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று. கொழும்பிலிருந்து ஏடனுக்குப் போகும் கப்பலுக்கு அது இடப் பக்கத்தில் அடிக்கும். அந்தப் பக்கத்துக் கீழ்த்தள யன்னல்களை இறுக்கித் திருகி மூடிவிடுவார்கள், மேசைகளில் கோப்பை விழாமலிருக்க விளிம்புச் சட்டம் மாட்டுவார்கள்.

தேயிலைத் துரை என்று சொல்லிக்கொண்டு ஒரு மோசடிக்காரன் வருகிறான். அவனை எப்படி அம்பலப்படுத்துவது?
– வாசகர், நோர்வூட்

கணக்கில். நாலரை இறாத்தல் பச்சைக் கொழுந்துக்கு ஒரு இறாத்தல் தேயிலை. பாதிக்குப் பாதி வரும் என்று அவன் சொல்லட்டும். மேல்நாட்டுத் தோட்டத்தில் ஒரு மலையின் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினால் மறு வெட்டுக்கு நாலைந்து வருடம் செல்லும். அவன் வருடாவருடம் என்று சொல்லட்டும். பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) எத்தனை மணிக்கு என்று ஆயா பேச்சுவாக்கில் கேட்கட்டும். ஒரு காட்சிக்கு இவற்றில் ஒன்று போதும். மூன்றையும் அடுக்கினால் பரீட்சைத்தாள் ஆகிவிடும்.

கொலை இல்லாமல் கதை நிற்குமா?
– வாசகர், அட்டன்பிட்டிய வீதி, பண்டாரவளை

நிற்கும். கொலை வேண்டுமென்றால் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வெப்பக் கடலில் இறந்தவரைத் தாமதிக்காமல் கடலில் அடக்கம் செய்துவிடுவார்கள். கப்பல் வைத்தியர் பார்த்து எழுதியதைத் தவிர வேறு ஆதாரம் மிஞ்சாது. கொலையாளிக்கு இது வசதி, துப்பறிபவருக்குக் கஷ்டம். விஷம் பற்றிய நீண்ட விளக்கங்களை வெட்டிவிடுங்கள்.

1952இல் கதையை வைக்கலாமா? அப்போதும் கப்பல்கள் வந்தனவே.
– வாசகி, கொட்டகலை

வந்தன. ஓரியன்ட் லைனின் ஓர்கேட்ஸ் 1948, ஒரொன்சே 1951, இரண்டும் புதுக் கப்பல்கள். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு உங்கள் தோட்டத்து ஆயா எந்த நாட்டுக் கடவுச்சீட்டில் ஏறுவாள்? 1930இல் பிரித்தானியப் பிரஜையாகப் போய் வந்தவள், 1952இல் நாடற்றவளாக இறங்குதுறையில் நிற்க வேண்டிவரலாம். அதை ஒரு வரியில் தாண்டிப்போக முடியாது. எழுதினால் மர்மத்தின் நடுவிலேயே அதை வையுங்கள்: அவளுடைய கடதாசியை வைத்திருப்பவன் அவளை மிரட்டலாம்.

கதை எங்கே முடிய வேண்டும்?
– வாசகர், நானுஓயா

கொழும்பில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்காது. துறைமுகத்துக்குள் மிதவையில் கட்டுவார்கள், பயணிகள் சிறு படகில் இறங்குதுறைக்கு வருவார்கள். யார் எந்தப் படகில், யாருடைய பெட்டி எதில் என்று பிரிப்பதற்கு இதுவே கடைசி வாய்ப்பு. குற்றவாளியை முதல் படகில் ஏற்றாதீர்கள். ஆயாவை இரவுக் கோச்சியில் ஏற்றி உங்கள் ஊருக்கே கொண்டுவரலாம். நானுஓயாவில் இறங்கி நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் போகிறவளென்றால் அங்கிருந்து சின்னப் பாதை ரயில். இரண்டடி ஆறங்குல அகலம், நுவரெலியா வரை 1903இல் வந்தது. அகலப்பாதைப் பெட்டியிலிருந்து சின்ன ரயிலுக்குச் சாமான்களைக் கையால் மாற்ற வேண்டும், பெட்டி மாறிப்போக இன்னொரு இடம். 1948க்குப் பிந்திய கதையில் அவளை அந்த ரயிலில் ஏற்றிவிடாதீர்கள், பாதையே அந்த ஆண்டு மூடப்பட்டது.